கைப்பட்டை நாடிமானியும் உடற்பயிற்சியும்

ஒரு வகுப்பைச் சேர்ந்த மாணவர் நாற்பது பேர் விளையாட்டு மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓடுகின்றனர் எனக் கொள்ளலாம். முதலில் வந்து சேர்ந்தவன் புன்னகையுடன் நிற்கிறான். கடைசியில் வந்தவன் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்குகிறான். நேரங்காட்டியை மட்டும் நோக்கும் ஆசிரியர், முன்னவனை ஊக்கமுள்ளவன் என்றும் பின்னவனைச் சோம்பேறி என்றும் முடிவு செய்துவிடுதல் கூடும். ஆனால் ஓட்டத்தின்போது அவ்விருவருடைய இருதயத் துடிப்பையும் எண்ணிப் பார்த்திருந்தால், முன்னவனுடைய இருதயம் நிமிடத்துக்கு 150 முறையும் பின்னவனுடையது 190 முறையும் துடித்ததாகத் தெரிய வந்திருக்கலாம். அங்ஙனமாயின், தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு உழைத்தவன் கடைசியில் வந்தவனே ஆவான். கடந்த தூரத்தையும் நேரத்தையும் கொண்டு உடல் செய்த வேலையை அறியலாம். அவ்வேலைக்காக உடல் பட்ட பாட்டை அறிய இருதயத் துடிப்பை எண்ணியாக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருடைய இருதயத் துடிப்பை இடைவிடாமல் எண்ணுவது முற்காலத்தில் ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டுமே இயல்வதாயிருந்தது. இப்பொழுது முன்கையிலோ மேற்கையிலோ பட்டையாகக் கட்டிக்கொள்ளக்கூடிய சிறு கருவி அவ்வேலையைச் செய்கிறது. கடைகளில் ‘ஹார்ட் ரேட் மானிட்டர்’ என்னும் பெயரால் விற்கப்படும் கருவிகளுள் இஃது ஒரு வகை. இக்கட்டுரையில் இது கைப்பட்டை நாடிமானி என வழங்கப்படும். உடற்பயிற்சி ஆசிரியர்களும், நெடுந்தூரம் நடந்து பணிபுரியும் களப் பணியாளர்களும் இக்கருவியைத் தக்கபடி பயன்படுத்துவதற்கு வேண்டிய செய்திகள் கீழே தரப்படுகின்றன.

இருதயமும் உழைப்பும்

ஓய்வாக அமர்ந்திருக்கும் வயது வந்தவருடைய இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் நன்கு பழகியவர்களுக்கு இவ்வெண் 50-க்கும் கீழே இருப்பதுண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேற்றப்படுகிறது. ஆகவே நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இருதயம் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை உடல் முழுவதும் செலுத்துகிறது எனலாம்.

தசைகள் உழைக்கத் தொடங்கியதும் அவற்றுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படுகிறது. இத்தேவையை நிறைவேற்ற இருதயம் இரண்டு வழிகளைக் கையாள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை ஓரளவு மிகுதிப்படுத்துகிறது. துடிப்பின் எண்ணிக்கையையும் உயர்த்துகிறது. மிதமான உழைப்பிலிருந்து கடுமையான உழைப்பு வரையில், உடல் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவும் துடிப்பின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒரே சீராக உயர்கின்றன. இச்சீரான தொடர்பே நாடித் துடிப்பை உழைப்பின் அளவுகோலாகக் கொள்வதற்கு அடிப்படையாகும்.

தொடர்ந்து பயிற்சி செய்பவருடைய இருதயம் ஒரு துடிப்புக்கு முன்னிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றும் திறனை அடைகிறது. அதனால் முன்பு 140 துடிப்புகள் தேவைப்பட்ட அதே வேலைக்குச் சில வாரங்களுக்குப் பின் 130 துடிப்புகள் போதுமானவையாகலாம். பயிற்சி பயனளித்தது என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

எண்ணும் முறைகள் வளர்ந்த வரலாறு

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் வழக்கம் நம் நாட்டு வைத்தியத்திலும் பிற நாட்டு வைத்தியங்களிலும் மிகப் பழமையானது. நாடியின் வேகத்தை எண்ணால் குறிக்கும் முயற்சி பிற்காலத்தில் தோன்றியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சாண்டோரியோ என்னும் மருத்துவர், ஊசலின் நூலை நாடியின் வேகத்துக்கு ஒத்து வரும் வரையில் நீட்டியும் குறைத்தும், நூலின் நீளத்தைக் கொண்டு வேகத்தைக் குறித்தார். 1707-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர், நாடியை எண்ணுவதற்கென்றே அமைந்த கடிகாரத்தைப் பற்றி எழுதினார். இருதயத்தில் எழும் மின்சாரத்தைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை அமைத்த டச்சு விஞ்ஞானி ஐந்தோவனுக்கு 1924-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1930-களில் அமெரிக்கரான ஹெர்ட்ஸ்மன், தோலின் மீது ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்றத் தாழ்வை அறியும் முறையை ஆராய்ந்தார். இன்றைய கைப்பட்டைக் கருவிகளின் மூலம் இம்முறையே.

விளையாட்டு வீரர்கள் ஓடும்பொழுதே அணியத்தக்க கம்பியில்லாத கருவி 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்து நாட்டில் உருவாயிற்று. 1977-இல் அங்கு நிறுவப்பட்ட போலார் நிறுவனம் அதனைத் தயாரித்தது. அது மார்பில் கட்டும் பட்டை. இருதயத்தின் மின்சாரத்தை அறிந்து எண்ணியது. மார்புப் பட்டை இன்றும் மிகத் துல்லியமானதாகவே கருதப்படுகிறது. எனினும், அது மார்பை இறுக்குவதாலும், ஈரப்படுத்தி அணிய வேண்டியிருப்பதாலும், மாணவர் கூட்டத்தில் மேலாடையை விலக்கி அணிவது குறிப்பாக மாணவியர்க்கு இயலாததாலும், பள்ளிகளில் அதன் பயன் குறைவாயிற்று. சட்டைக் கையைச் சிறிது மடித்து அணியத்தக்க ஒளிமுறைப் பட்டைகள் 2010-களில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் இத்தடை நீங்கியது.

கருவி இயங்கும் விதம்

பட்டையின் உட்புறத்தில் பச்சை ஒளியை வீசும் சிறு விளக்குகள் உள்ளன. அவற்றின் அருகில் ஒளியை உணரும் சிறு தகடு ஒன்று அமைந்திருக்கிறது. விளக்கின் ஒளி தோலினுள் சிறிதளவு ஊடுருவிச் சிதறுகிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி திரும்பி வந்து உணர்தகட்டில் விழுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும் தன்மையுடையது. இருதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் சற்றே மிகுகிறது. அப்பொழுது திரும்பும் ஒளி சற்றே குறைகிறது. அடுத்த கணம் மீண்டும் கூடுகிறது. இக்குறைவும் நிறைவும் மாறி மாறி வருவதை எண்ணினால் அதுவே நாடித் துடிப்பின் எண்ணிக்கை.

இம்மாறுதல் மிகச் சிறியது. திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், தசை முதலியவற்றிலிருந்து மாறாமல் வருவது. துடிப்பினால் மாறுவது நூற்றில் ஓரிரு பங்கு அளவினதே. கை அசையும்பொழுது பட்டை தோலின் மீது நழுவினால் அதனால் ஏற்படும் மாறுதல் துடிப்பின் மாறுதலைக் காட்டிலும் பெரிதாகிவிடும். இதனைத் தவிர்க்கவே, அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்றும் கருவியினுள் வைக்கப்பட்டிருக்கிறது. கையின் அசைவினால் வந்த மாறுதல் எது, இரத்த ஓட்டத்தால் வந்தது எது என்பதைக் கருவியிலுள்ள கணிப்பி பகுத்தறிந்து, சில விநாடிகளின் சராசரியை எண்ணாக்கி, புளூடூத் முறையில் கைப்பேசிக்கோ கைக்கடிகாரத்துக்கோ அனுப்புகிறது.

மணிக்கட்டில் அணியும் கடிகாரங்களிலும் இதே ஒளிமுறை உண்டு. ஆயினும் மணிக்கட்டில் எலும்பும் தசைநாண்களும் மிகுதி; தசை குறைவு. கையை மடக்கும்போதும் ஒரு பொருளை இறுகப் பற்றும்போதும் அங்கே தோலும் தசைநாண்களும் இடம் பெயர்கின்றன. முழங்கைக்குச் சற்றுக் கீழேயுள்ள முன்கைப் பகுதியும், மேற்கையும் தசைப்பற்றுள்ளவை. ஓடும்போது மணிக்கட்டைவிடக் குறைவாகவே வீசப்படுபவை. ஆதலின் அவ்விடங்களில் அணியும் பட்டை பெரும்பாலும் மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட நம்பத்தக்க எண்ணைத் தருகிறது.

அணிதலும் சரிபார்த்தலும்

பட்டை நழுவாமலும், அதே சமயம் கை மரத்துப் போகாமலும் இருக்குமாறு கட்டப்பட வேண்டும். கழற்றியபின் தோலில் ஆழ்ந்த தழும்பு பதிந்திருந்தால் இறுக்கம் மிகையாயிற்று எனக் கொள்க. விளக்குகள் தோலை முழுவதும் தொட்டிருக்க வேண்டும்; பச்சை ஒளி பக்கவாட்டில் கசியலாகாது. பச்சை குத்திய இடத்தின் மீது பட்டையை வைத்தல் கூடாது; அம்மை ஒளியைத் தடுத்துவிடும். தோலின் கருநிறப் பொருளும் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், கருவியை ஒருவரிடம் மட்டும் சோதித்து அனைவர்க்கும் பொருந்தும் என முடிவு செய்யாமல், அணியும் ஒவ்வொருவரிடமும் ஒருமுறை சரிபார்ப்பதே முறை.

சரிபார்த்தல் எளிது. பட்டையை அணிந்தவர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். மற்றொருவர் அவருடைய மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். கருவி காட்டும் எண்ணும் விரலால் எண்ணிய எண்ணும் மூன்று நான்குக்கு மேல் வேறுபடாதிருந்தால் கருவி சரியாக அமர்ந்திருக்கிறது. பின்னர் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து நின்றவுடனே பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கி ஒப்பிடலாம். இவ்விரண்டாவது சோதனையில் ஒரு துடிப்பு பிழைபட்டால் விடையில் ஆறு பிழைபடும் என்பதும், நின்றவுடன் நாடி விரைந்து இறங்கத் தொடங்கும் என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும். ஓடி நின்றபின் விரலால் எண்ணும் பழைய முறையின் குறைபாடும் இதுவே.

பலர் ஒரே நேரத்தில் பட்டை அணியும்போது ஒவ்வொரு பட்டைக்கும் எண்ணிட்டு, எந்த எண் யாருடையது என்பதை முன்னரே எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் ஒருவருடைய துடிப்பு மற்றொருவர் பெயரில் பதிவாகும். ஒருவர் கழற்றியதை மற்றொருவர் அணியுமுன் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதும், வார்ப்பகுதியை அவ்வப்போது சோப்பு நீரில் அலசுவதும் தோல் நோய்களைத் தவிர்க்கும்.

கருவி பிழைபடும் சந்தர்ப்பங்கள்

முதலாவது, காலடியைத் துடிப்பென எண்ணிவிடுதல். ஓடுபவர் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை அடியெடுத்து வைக்கிறார். அவருடைய உண்மையான துடிப்பு 140 ஆக இருக்கையில், பட்டை தளர்ந்திருந்தால், கருவி 170 எனக் காட்டக்கூடும். உழைப்பு தணிந்தும் எண் மாறாமல் காலடியோடு ஒத்து நின்றால் ஐயுற வேண்டும். ஓடுபவர் சட்டென நிற்கும்போது உண்மையான துடிப்பு படிப்படியாகவே இறங்கும்; ஓரிரு விநாடிகளில் 30 அல்லது 40 குறைந்தால் அது காலடியின் எண்ணே.

இரண்டாவது, காலத் தாமதம். கருவி சில விநாடிகளின் சராசரியைக் காட்டுவதாலும், இருதயமே உழைப்புக்கு ஏற்ப உயரச் சற்று நேரம் கொள்வதாலும், 20 அல்லது 30 விநாடி விரைவோட்டத்தின் கடுமையை இக்கருவியால் அறிய இயலாது. அங்கே நேரங்காட்டியே தக்கது.

மூன்றாவது, குளிர். மலைப்பகுதியில் விடியற்காலையில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் ஒளிமுறை தடுமாறும். பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பின்னரே எண்ணை நம்ப வேண்டும்.

நான்காவதாக, துடிப்பு சீராக இல்லாத இருதய நோயுள்ளவர்களுக்கு எல்லாத் துடிப்பும் கை வரை நாடியாக வந்து சேர்வதில்லை. அத்தகையோர் இக்கருவியைக் கொண்டு தம் நிலையை அறிய முற்படாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எல்லைகளைக் கணக்கிடுதல்

ஒருவருடைய இருதயம் அடையக்கூடிய மிகுந்த வேகத்தை வயதைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். 220-இலிருந்து வயதைக் கழித்தல் என்னும் விதி 1970-களிலிருந்து எங்கும் பரவியது. 2001-இல் டனகா முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட விதிப்படி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். 40 வயதினருக்கு இரு விதிகளும் 180 என்ற ஒரே விடையைத் தருகின்றன. 60 வயதினருக்குப் பழைய விதி 160 எனவும் புதிய விதி 166 எனவும் தரும். எந்த விதியாயினும் அது கூட்டத்தின் சராசரியே. ஒரே வயதுடையோருள் ஒருவருடைய உண்மையான எண் விதியின் எண்ணைவிட 10 கூடியோ குறைந்தோ இருப்பது இயல்பு. பள்ளிச் சிறுவர்களுக்கு இவ்வெண் வயதோடு அதிகம் மாறுவதில்லை; பெரும்பாலோர்க்கு 200-ஐ ஒட்டியே அமைகிறது.

பின்லாந்து நாட்டு மருத்துவர் கார்வோனனும் அவருடைய துணைவர்களும் 1957-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தழுவிய கணக்கு மேலும் பயனுள்ளது. மிகுந்த வேகத்திலிருந்து ஓய்வு வேகத்தைக் கழித்தால் வருவது துடிப்பின் இருப்பு. அவ்விருப்பில் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்பதைக் கொண்டு உழைப்பைத் தரம் பிரிக்கலாம். 40 முதல் 59 சதவீதம் வரை மிதமான உழைப்பு. 60 முதல் 89 வரை கடுமையான உழைப்பு.

உதாரணமாக, 25 வயதுள்ள ஒருவருடைய ஓய்வுத் துடிப்பு 66 எனக் கொள்ளலாம். விதிப்படி அவருடைய மிகுந்த வேகம் சுமார் 190, இருப்பு 124. அதில் 40 சதவீதம் 50. அதனுடன் 66-ஐக் கூட்டினால் 116. 59 சதவீதம் 73. 66-ஐக் கூட்டினால் 139. ஆகவே 116-க்கும் 139-க்கும் இடைப்பட்டது அவருக்கு மிதமான உழைப்பு. 140 முதல் 176 வரை கடுமையான உழைப்பு. ஓய்வுத் துடிப்பைக் காலையில் எழுந்தவுடன், காப்பியோ தேநீரோ அருந்துமுன், படுத்தபடியே எடுக்க வேண்டும். மூன்று நாட்கள் எடுத்துச் சராசரி காண்பது நன்று.

கருவியின் எண்ணோடு உடலின் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மிதமான உழைப்பில் ஒருவர் முழு வாக்கியங்களாகப் பேச முடியும், பாட முடியாது. கடுமையான உழைப்பில் சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேரிடும். எண்ணும் பேச்சும் முரண்பட்டால், முதலில் பட்டையையும் பின்னர் விதிப்படி வந்த எல்லையையும் ஐயுற வேண்டும்.

நெடுந்தூர நடைக்குப் பயிற்சி

இந்திய வனப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஆடவர் 25 கிலோமீட்டரையும் பெண்டிர் 14 கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும் என்பது விதி. 25 கிலோமீட்டரை நான்கு மணியில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 விநாடி வீதம் நடக்க வேண்டும். இத்தகைய தேர்வுக்கோ, காடு மலைகளில் நாள்தோறும் நடக்கும் பணிக்கோ ஆயத்தம் செய்பவர் பலர், முதல் நாளே முழு வேகத்தில் நடந்து, மூன்றாம் நாள் காலில் வலியெடுத்துப் பயிற்சியைக் கைவிடுகின்றனர்.

நாடிமானியைக் கொண்டு பயிற்சி செய்பவர் வேகத்தைக் குறியாகக் கொள்ளாமல் துடிப்பின் எல்லையைக் குறியாகக் கொள்ள வேண்டும். மேற்கூறிய இளைஞர் முதல் சில வாரங்களில் தம் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை 116 முதல் 139 வரையிலான துடிப்பிலேயே கழிக்க வேண்டும். எண் 139-ஐக் கடந்தால் நடையைத் தளர்த்த வேண்டும். மேட்டில் ஏறும்போது இது கட்டாயம். வாரத்துக்கு ஓரிரு நாள் மட்டும் சில நிமிடங்கள் கடுமையான எல்லைக்குள் செல்லலாம். தொடக்கத்தில் 135 துடிப்பில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தவர், சில வாரங்களுக்குப் பின் அதே 135-இல் 6 கிலோமீட்டருக்கு மேல் நடப்பதைக் காண்பார். குறிப்பேட்டில் நாள், தூரம், நேரம், சராசரித் துடிப்பு, வானிலை ஆகிய ஐந்தையும் எழுதிவந்தால் இம்முன்னேற்றம் கண்கூடாகும்.

வெயிலின் விளைவு

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் பணிக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வை ஒட்டிப் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். வேலை கிடைக்க வேண்டும் என்னும் ஆவல், உடலின் எச்சரிக்கையை மீறி ஓடச் செய்யவல்லது. ஆகவே வெயிலில் உடல் அடையும் மாறுதல்களைப் பயிற்சியாளர் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

உஷ்ணமான வேளையில் உடலின் சூட்டை வெளியேற்றுவதற்காக இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செலுத்தப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பின் அளவும் குறைகிறது. அதை ஈடுசெய்யத் துடிப்பின் எண்ணிக்கை உயர்கிறது. காலையில் 130 துடிப்பில் நடந்தவர், அதே வேகத்தில் வெயில் ஏறியபின் நடக்கையில் 150-ஐ எட்டுவது இதனாலேயே. இந்நிலையில் வேகத்தைக் குறைத்து எண்ணைப் பழைய எல்லைக்குள் கொண்டுவருவதே முறை. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில் வியர்வை ஆவியாவது தடைப்படுவதால், வெப்பமானி குறைந்த அளவைக் காட்டினும் இடர் குறைவதில்லை. வெப்பமான ஊருக்குப் புதிதாக மாற்றப்பட்ட பணியாளர் ஏறத்தாழ இரு வாரங்கள் படிப்படியாக உழைப்பைக் கூட்டினால் உடல் பழகிவிடும்.

கருவி அளப்பது துடிப்பையே. உடலின் உள்வெப்பத்தை அன்று. எண் எல்லைக்குள் இருப்பினும், ஒருவர் தள்ளாடினாலோ, பிதற்றினாலோ, கேட்ட வினாவுக்குத் தொடர்பின்றி விடை கூறினாலோ, அதனை வெப்பத் தாக்குதலாகக் கருதி உடனே செயல்பட வேண்டும். நிழலுக்குக் கொண்டு சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ, உடல் முழுவதும் நீரூற்றி விசிறியோ உடனடியாகக் குளிரச் செய்து, அதன்பின் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். வண்டி வரும் வரையில் குளிர்விப்பதை நிறுத்தலாகாது.

வகுப்பில் செய்யத்தக்க பாடம்

மூன்று பட்டைகளே உள்ள பள்ளியிலும் வகுப்பு முழுவதும் பங்குகொள்ளுமாறு பாடத்தை அமைக்கலாம். மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் தானாக முன்வரும் ஒருவர் பட்டை அணிய, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எண்ணைக் கூற, மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

1. ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து துடிப்பைக் குறிக்கவும்.
2. எழுந்து நின்று, இரண்டு நிமிடம் கழித்துக் குறிக்கவும்.
3. ஐந்து நிமிடம் இயல்பாக நடந்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கவும்.
4. மூன்று நிமிடம் மெல்ல ஓடி, அவ்வாறே குறிக்கவும்.
5. ஓட்டம் முடிந்தபின் மெல்ல நடந்தபடி, நான்கு நிமிடம் வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கவும்.

கிடைத்த எண்களை வரைபடத் தாளில் குறித்துக் கோட்டால் இணைக்க வேண்டும். அமர்ந்திருக்கையில் 78, நிற்கையில் 88, நடையின் முடிவில் 112, ஓட்டத்தின் முடிவில் 164, ஒரு நிமிடம் கழித்து 132, இரண்டு நிமிடம் கழித்து 114 என்றாற்போல எண்கள் அமையலாம். ஓட்டம் தொடங்கியதும் கோடு செங்குத்தாக எழுவதையும், பின்னர் சாய்வு குறைவதையும், ஓட்டம் நின்றபின் முதல் நிமிடத்தில் விரைந்தும் அதன்பின் மெதுவாகவும் இறங்குவதையும் மாணவர் காண்பர். இருதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் என்னும் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவதால் தொடக்கத்தில் துடிப்பு விரைந்து எழுகிறது. பின்னர் மெதுவாக வரும் உயர்வுக்கு வேறு நரம்புகளும் அட்ரினலின் என்னும் சுரப்பு நீரும் காரணமாகின்றன. ஓட்டம் நின்றதும் வேகஸ் நரம்பு மீண்டும் தன் பிடியை இறுக்குகிறது. ஆறு வாரம் கழித்து, அதே மாணவர் அதே வேளையில் அதே வேகத்தில் மீண்டும் ஓடினால், இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பயிற்சியின் பயனைக் காட்டலாம். 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளதை இத்தருணத்தில் எடுத்துரைக்கலாம்.

எண்ணைக் கொண்டு மாணவரை மதிப்பிடுதல்

வகுப்பில் ஒரு மாணவி நடைப்பயிற்சியிலேயே 150-ஐ எட்டுகிறாள். அவளுடைய தோழியர் 115-இல் இருக்கின்றனர். அவள் விரைவில் களைத்து மரநிழலில் அமர்வதை ஆசிரியை பலமுறை கண்டித்திருக்கலாம். கருவியின் எண் அக்கண்டனம் தகாதது என்பதை உணர்த்துகிறது. இந்நிலைக்குப் பயிற்சியின்மை, காய்ச்சல், உறக்கமின்மை, அச்சம் முதலிய பல காரணங்கள் இருத்தல் கூடும். நம் நாட்டில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய காரணம் இரத்த சோகை. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகை உடையவர்கள். பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், அதே பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டு சேர்க்க இருதயம் மிகுதியான முறை துடித்தாக வேண்டும்.

கருவி இரத்த சோகையைக் கண்டுபிடிப்பதில்லை. அதனை உறுதி செய்வது இரத்தப் பரிசோதனையே. ஆனால் மாணவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்னும் எண்ணத்தை ஆசிரியைக்கு அது தோற்றுவிக்கக்கூடும். அந்த ஒரு பயனுக்காகவே இக்கருவி பள்ளியில் இருக்கத் தக்கது.

மறுபுறம், இரத்தக் கொதிப்புக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் சிலர் உட்கொள்ளும் அட்டெனொலால், மெட்டோபிரொலால் போன்ற மருந்துகள் துடிப்பை உயரவிடாமல் தடுப்பவை. அவற்றை உட்கொள்ளும் பணியாளர் கடுமையாக உழைக்கும்போதும் எண் குறைவாகவே இருக்கும். அவருக்கு வயது விதிகள் பொருந்தா. பேச்சுச் சோதனையும் மருத்துவரின் அறிவுரையுமே வழிகாட்டி. மார்பு வலி, மயக்கம், படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும், எண் எதுவாயினும், பயிற்சியை நிறுத்த வேண்டும்.

மாணவருடைய எண்களை வகுப்பில் உரக்க வாசித்தலும், அவற்றுக்கு மதிப்பெண் வழங்குதலும் தவிர்க்கப்பட வேண்டியவை. துடிப்பு குறைந்திருப்பது வெற்றியன்று, மிகுந்திருப்பது குற்றமுமன்று. பதிவேட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு வைப்பது நன்று. கைப்பேசிச் செயலி வாயிலாக விவரங்கள் வெளியிடங்களில் சேமிக்கப்படக்கூடுமாதலின், பெற்றோரின் ஒப்புதலை முன்னரே பெற வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர் பற்றிய விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது.

முடிவுரை

கைப்பட்டை நாடிமானி மருத்துவக் கருவியன்று. ஆசிரியருடைய கண்ணுக்கும் அனுபவத்துக்கும் ஈடுமன்று. எனினும் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உண்மையை அது எண்ணாக்கித் தருகிறது. அவ்வெண்ணைச் சரிபார்த்து, அதன் பிழைகளை அறிந்து பயன்படுத்துபவர், வலியவரை அளவோடு உழைக்கச் செய்யவும், மெலியவரை இகழாமல் முன்னேற்றவும் வல்லவராவார். மைதானத்தில் கடைசியாக வந்து சேர்ந்த மாணவனிடம், “இன்று மற்றவர்களைவிட நீ அதிகமாக உழைத்திருக்கிறாய்” என்று ஆசிரியர் சான்றுடன் கூற முடியுமானால், அவன் மறுநாளும் ஓட வருவான்.

பயிற்சி வினாக்கள்

1. ஓய்வுத் துடிப்பு 72 உள்ள 40 வயதுப் பணியாளருக்கு மிதமான உழைப்பின் கீழெல்லையையும் மேலெல்லையையும் கணக்கிடுக.
2. ஓடும்போது 172 எனக் காட்டிய கருவி, ஓட்டம் நின்ற இரண்டாம் விநாடியில் 128 எனக் காட்டியது. இதற்குக் காரணம் யாதாக இருக்கலாம்? அதனை எவ்வாறு சரிசெய்யலாம்?
3. ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஜனவரியிலும் மே மாதத்திலும் நடந்தவருடைய துடிப்புகள் வேறுபடுவது ஏன்?
4. மணிக்கட்டை விட முன்கையில் பட்டையை அணிவது ஏன் சிறந்தது என்பதை விளக்குக.